எங்கள் குசினி மணிக்கூடு ஏன் பிந்தி ஓடுகிறது

சிட்னியின் பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன உங்களில் பலர் அப்பாவின் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பீர்கள். சிலர் எங்கள் குசினிச் சுவரில் தொங்கும் மணிக்கூட்டை நம்பி ரயிலையும் விட்டிருப்பீர்கள். அது அரை மணித்தியாலம் பிந்தி ஓடும் மணிக்கூடு. "பற்றரியை மாத்துங்கோவன் மாஸ்ரர்" என்று சொன்னவர்களிடம் அப்பா சிரித்துக்கொண்டே, "அதைத் தொட எனக்கு அதிகாரமில்லை, அவவைக் கேளுங்கோ" என்பார். அம்மாவைக் கேட்டால், "அது சரியாத்தான் ஓடுது" என்ற ஒரே பதில்தான் வரும்.

அப்பா காலமான முப்பத்தோராம் நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதும் வேலையைத் தம்பி என் தலையில் கட்டிவிட்டான். எந்தப் பக்கத்தால் தொடங்கினாலும் நான் அந்த மணிக்கூட்டில்தான் வந்து முட்டுகிறேன். ஆகவே அதன் கதையையே சொல்லிவிடுகிறேன். அதற்குள் அப்பா முழுசாக இருக்கிறார்.

அப்பா வடமராட்சியில் கரவெட்டியில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் நடுவிலானவர். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, மூத்தவர்களின் சட்டையைப் போட்டு, மூத்தவர்களின் புத்தகத்தில் படித்து, கணிதத்தில் பட்டம் பெற்றார். பிறகு மலைநாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் படிப்பித்தார். பிரம்பு இல்லாத வாத்தியார் என்று மற்ற வாத்திமார் பகிடி பண்ணுவார்களாம். "பிழையான கணக்குக்கு அடிச்சா, பிள்ளை அடுத்த முறை கணக்கை ஒளிச்சு வைக்கும்" என்பது அப்பாவின் கொள்கை. புலோலியில் அம்மாவைக் கைப்பிடித்தார். சாதகம் பார்த்தவர் "பொம்பிளை கொஞ்சம் பிடிவாதம்" என்று எச்சரித்தும் துணிந்து கட்டினேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் கடைசிவரை அதற்குச் சிரிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்தார்கள். அது, தெருவில் இன்னொரு தமிழ் முகத்தைக் கண்டால் மறித்துவைத்துக் கதைக்கும் காலம். அப்பாவின் பட்டத்தைக் கொண்டு உடனே படிப்பிக்க முடியவில்லை. மேற்கொண்டு படித்துக்கொண்டே ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனார். உடைந்த பிஸ்கற் பையோடு அவர் வீடு வரும்போது எனக்கும் தம்பிக்கும் வாயெல்லாம் பல். அப்பா மட்டும் குசினியில் தனியே நின்று குளிர்ப்பெட்டிக் கதவில் விரலால் எதையோ எழுதி அழித்துக்கொண்டிருப்பார். அது கணக்கு என்று அம்மாவுக்குத் தெரியும். கரும்பலகை இல்லாமல் அந்த மனுசன் வாடிப்போனார் என்று அம்மா எனக்குப் பின்னாளில் சொன்னார்.

அப்படியிருக்கும்போதுதான் புரோக்கன் ஹில்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தது. மாநிலத்தின் மேற்குக் கோடியில், செம்மண் பாலைவனத்தின் நடுவே கிடக்கும் சுரங்க நகரம் அது. சிட்னியிலிருந்து காரில் இரண்டு நாள். வேறு யாரும் போக விரும்பாத இடம் என்பதால்தான் எங்களுக்கு வந்தது. அப்பாவுக்கு அதெல்லாம் பொருட்டேயில்லை. அவர் பொய் சொல்லும் மனிதரல்லர்; உண்மைக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவார்.

"இஞ்சாரும், வெள்ளி விளையுற ஊர் அது. நடுப் பட்டணத்தில மலை இருக்கு. கிட்டடியில ஏரியும் இருக்காம்."

"கடை இருக்கோ?" என்றார் அம்மா.

"கடை இல்லாத ஊர் இருக்கோ?"

அம்மா ஒரு நிபந்தனை போட்டார். "அடுத்த தைப்பொங்கல் மட்டும் பாப்பன். எனக்கு மனம் ஒட்டேல்லையெண்டா பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்திடுவன். நீங்கள் தனிய இருந்து படிப்பியுங்கோ." அம்மா சொன்னால் செய்வார் என்பது சாதகக்காரருக்கே தெரிந்த விஷயம். அப்பா சம்மதித்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் எதற்காவது பயப்பட்டார் என்றால் அந்தத் தைப்பொங்கலுக்குத்தான்.

பழைய ஹோல்டன் காரின் பின்சீற்றில் நானும் தம்பியும் சட்டி பானைகளும். முன்சீற்றில் அம்மா, மடியில் பிள்ளையார் படம். வழியில் மரங்கள் குள்ளமாகி, பிறகு பற்றையாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயின. மண் சிவந்துகொண்டே வந்தது. அம்மா பிள்ளையார் படத்தில் படிந்த புழுதியைத் துடைத்தபடியே வந்தார். அப்பா எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே வந்தார். புகழ ஒன்றும் இல்லாத இடத்தில் றோட்டின் நேர்த்தியைப் புகழ்ந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம். எங்களுக்குக் கிடைத்த வீடு, சுவரும் கூரையும் தகரத்தால் ஆனது. அந்த ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான். நடுப் பட்டணத்து மலை என்று அப்பா சொன்னது சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய கல்லும் மண்ணும். "மலையெண்டியள். இது மண்கும்பி எல்லே?" என்றார் அம்மா. ஏரி எங்கே என்று கேட்டபோது அது இன்னும் ஒன்றரை மணித்தியாலம் காரில் போகவேண்டிய தூரம் என்று தெரிந்தது.

அப்பாவின் கைக்கடிகாரத்தில் இரண்டு மணி. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று மட்டும் ராகு காலம். புது வீட்டில் அந்த நேரத்தில் கால் வைக்க அம்மா ஒருநாளும் சம்மதிக்கமாட்டார். ஆகவே தை மாதத்து நடுக்கோடை வெயிலில், வீட்டுத் திறப்பு அப்பாவின் கையில் இருக்க, நாங்கள் நால்வரும் வாசலில் காருக்குள் குந்திக்கொண்டிருந்தோம். சீற்றில் தொடை ஒட்டிப் பிடித்தது. தம்பி அழத் தொடங்கினான்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்மணி வெறுங்காலோடு வந்து கார் யன்னலில் குனிந்தார். பெயர் ஷெர்லி. கணவர் கெவின் சுரங்கத்தில் வேலை. திறப்பைத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். அப்பா திறப்பைத் தூக்கிக் காட்டி, நல்ல நேரம் வரும்வரை காத்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். ஷெர்லி அன்ரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இந்த ஊரில் நல்ல நேரம் மே மாதத்தில் வெயில் தணிந்தால்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, தோட்டத்துக் குழாயைக் கொண்டுவந்து காரின் கூரைக்குத் தண்ணீர் அடித்தார்.

அப்பாவின் கடிகாரத்தில் மூன்று தாண்டியதும் வலதுகாலை வைத்து உள்ளே போனோம். பிள்ளையாரை வைத்து, விளக்கேற்றி, அம்மா பால் காய்ச்சினார். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. சிட்னியை விட்ட பிறகு அம்மா முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். "பாத்தீரோ?" என்று அப்பா பூரித்துப்போனார்.

ஷெர்லி அன்ரி குளிர்பானத்தோடு வந்தார். நாங்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது, கெவின் வேலை முடிந்து வர இன்னும் நேரமிருக்கிறது, இப்போது இரண்டே முக்கால்தானே என்று சொன்னார்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். "உங்கள் மணிக்கூடு பிந்துகிறதா?" என்று கேட்டார்.

"இல்லை. உங்களுடையது சிட்னி நேரம். இங்கே எல்லோரும் அடிலெய்ட் நேரம், அரை மணித்தியாலம் பின்னுக்கு" என்றார் ஷெர்லி அன்ரி, வானிலை சொல்வதுபோல.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரே மாநிலத்துக்குள் ஓர் ஊர் தனக்கென்று வேறு நேரம் வைத்திருக்கும் என்று கணித ஆசிரியர் எதிர்பார்க்கவில்லை. அம்மா ஷெர்லி அன்ரி போகும்வரை பொறுத்திருந்தார்.

"ராகு காலத்தில. நட்ட நடு ராகு காலத்தில கொண்டுவந்து குடியேத்திப்போட்டியள்."

"இஞ்சாரும், என்ர மணிக்கூட்டில மூண்டு தாண்டித்தானே வாசற்படி மிதிச்சனாங்கள்?"

"ராகு உங்கட மணிக்கூட்டைப் பாத்தோ வாறார்?"

அப்பா உடனே சாமான் பெட்டியைக் கிளறி, சுவர் மணிக்கூட்டை எடுத்து, குசினியில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். சிட்னி நேரத்தில். "இந்த வீட்டுக்குள்ள இனிச் சிட்னி நேரம்தான். ராகு வெளியில நிக்கட்டும்" என்று அறிவித்தார். அம்மா உடுப்புச் சூட்கேசுகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். அவற்றை அவர் அவிழ்த்து அடுக்கவில்லை. அலுமாரி வெறுமையாகக் கிடக்க, ஒவ்வொரு நாளும் காலையில் கட்டிலுக்குக் கீழே குனிந்து எங்கள் பள்ளிச் சட்டையை இழுத்தெடுப்பார். அப்பா அந்தச் சூட்கேசுகளைக் கண்டும் காணாததுபோல் நடந்து போவார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் பழி அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான். தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் ராகு. இட்லி மா புளிக்காவிட்டால் ராகு. ஒருநாள் வானம் செங்கல் நிறமாகி, புழுதிப்புயல் வந்து, மூடிய யன்னலுக்குள்ளாலும் மண் புகுந்து சோற்றுப் பானைவரை சிவந்தது. "இது ராகு இல்லை, இந்த ஊர்க் காத்து" என்றார் அப்பா. பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு இரண்டு நாள் அம்மா என் மூலமாகத்தான் அப்பாவோடு கதைத்தார்.

ஆனால் அப்பா அங்கே பூத்துக் குலுங்கினார் என்பதை அம்மாவும் கண்டார். பிள்ளைகள் வீட்டுக்கே கணக்குக் கேட்டு வந்தார்கள். ஒருநாள் பாடத்தின் உற்சாகத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அது சிட்னி நேரம் என்பதை மறந்து, வகுப்பை அரை மணித்தியாலம் முந்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து பள்ளியிலேயே மிகவும் விரும்பப்பட்ட ஆசிரியர் அவர்தான். அதிபர் கூப்பிட்டு விசாரித்தபோது, என் வீட்டில் ஒரு சமாதான உடன்படிக்கை இருக்கிறது என்று சொன்னாராம்.

அம்மாவுக்கும் அந்த ஊர் ஒரேயடியாகக் கசக்கவில்லை. சிட்னி அடுக்குமாடியில் ஒரு மிளகாய் காயவைக்க இடமில்லாமல் தவித்தவர் அவர். இங்கே மோரில் ஊறிய மிளகாயைக் காலையில் தகரத்தின்மேல் போட்டால் பின்னேரம் கலகலவென்று காய்ந்திருக்கும். "வெயிலை மட்டும் குறை சொல்லேலாது" என்று ஒப்புக்கொண்டார். ஷெர்லி அன்ரி ஒரு மோர்மிளகாயைப் பொரித்துக் கடித்துவிட்டு முற்றம் முழுக்க ஓடினார். அடுத்த நாள் இன்னொன்று கேட்டார்.

வாரத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு ஷெர்லி அன்ரி அம்மாவைத் தேநீருக்குக் கூப்பிடுவார். அம்மாவின் ஆங்கிலம் வளர்ந்தது அந்தக் குசினியில்தான். ஆனால் அம்மா எங்கள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் புறப்படுவார், அரை மணித்தியாலம் கழிக்க மறந்துவிடுவார். முதல்முறை போனபோது ஷெர்லி அன்ரி தலைமயிரைச் சுருட்டிக் கட்டியபடி, பல்துலக்கும் தூரிகையோடு கதவைத் திறந்தாராம். அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பிறகு எப்போது போனாலும் ஷெர்லி அன்ரி உடுத்து, மேசை விரித்து, கேக் வெட்டிவைத்து ஆயத்தமாக இருந்தார். அங்கே சுவரிலும் சரியாகப் பத்து மணி காட்டியது. எங்கள் மணிக்கூட்டோடு அது ஒத்துப்போனதால் அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

மார்கழி விடுமுறையில் ஒருநாள் நானும் அம்மாவோடு போயிருந்தேன். தைப்பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடமும் இருப்பாரா என்று பள்ளிக்கூடம் அப்பாவிடம் கேட்டுவிட்டது. அவர் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். அம்மாவிடம் கேட்கவும் அவருக்குத் துணிவில்லை. அன்று கெவின் அங்கிள் வீட்டில் நின்றார். குசினிக்குள் வந்து சுவரைப் பார்த்தவர், "இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் சரியான நேரம் கிடைப்பதில்லை" என்று சிரித்தார்.

நான் விளங்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரே சொன்னார். அம்மா முதன்முதல் வந்துபோன அன்றே ஷெர்லி அன்ரி தன் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டாராம். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சமையலும் சாப்பாடும் சிட்னி நேரத்தில்.

ஷெர்லி அன்ரிக்கு முகம் சிவந்துவிட்டது. "அன்றைக்குக் கதவைத் திறந்தபோது உன் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். இந்த வெயிலில் வந்த ஆளுக்கு, நீ முந்தி வந்துவிட்டாய் என்று சொல்லவா? மணிக்கூட்டைத் திருப்புவது லேசு" என்றார். நான் அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். ஷெர்லி அன்ரியின் கையைப் பிடித்து, சேலைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஏறினார். எங்கள் சுவர் மணிக்கூட்டைக் கழற்றி, அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பி, மீண்டும் கொழுவினார். பின்வளவிலிருந்து வந்த அப்பா வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா, ராகுவை உள்ள விட்டிட்டீரோ?"

"வந்தா வரட்டும். எங்களுக்காக ஒரு மனுசி வருஷம் முழுக்கப் பிழையான நேரத்தில சமைச்சிருக்கிறா. அவவின்ர ஊர் நேரத்தில நாங்கள் இருந்தா என்ன குறைஞ்சு போவம்?" கதிரையிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னார்: "தைப்பொங்கலுக்கு நேரம் பாத்துப் புதுசாப் பால் காய்ச்சுவம். பள்ளிக்கூடத்துக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ."

அப்பா திரும்பிப்போய்த் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில் ஒருமுறை ஊற்றியிருந்தார். விசிலடித்துக்கொண்டு இன்னொருமுறையும் ஊற்றினார்.

கோடையில் வெளியே நெருப்பு மூட்டத் தடை. ஆகவே அந்தத் தைப்பொங்கலுக்குக் கெவின் அங்கிள் நீண்ட வயர் இழுத்து, முற்றத்தில் கோலத்தின் நடுவே ஒரு மின்அடுப்பை வைத்துத் தந்தார். அம்மா அந்த ஊர் நேரத்துக்குச் சரியாக ராகு காலம் விலக்கி, கிழக்கு நோக்கிப் பானை வைத்தார். பால் பொங்கி வழிந்தது. அடுப்பு "டப்" என்று வெடித்து வீட்டில் மின்சாரமும் போனது. "பால் பொங்கீட்டுது. கரண்ட் போனா என்ன?" என்றார் அம்மா. ஷெர்லி அன்ரி கைதட்டினார். மிச்சப் பொங்கல் அவர்களுடைய குசினி அடுப்பில் வெந்தது. அன்று பின்னேரம் கட்டிலுக்குக் கீழிருந்து சூட்கேசுகள் வெளியே வந்தன. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் பூச்சியுருண்டை மணம் வந்து, இது எங்கள் வீடு என்று எனக்குச் சொல்லும்.

ஐந்து வருடம் அங்கே இருந்தோம். எங்கள் படிப்புக்காகச் சிட்னிக்குத் திரும்பியபோது அம்மாவின் மடியில் பிள்ளையாரோடு அந்த மணிக்கூடும் இருந்தது. பென்டில் ஹில் வீட்டில் அதைக் கொழுவிவிட்டு அப்பா நேரத்தைத் திருத்தக் கையை நீட்டினார். "தொடாதேங்கோ. அது அங்கத்தய நேரத்திலயே ஓடட்டும்" என்றார் அம்மா. அதிகாரம் போனது அன்றுதான். அப்பாவின் கையில் சிட்னி நேரம், அம்மாவின் சுவரில் அந்த ஊர் நேரம். கல்யாண வீடு, கோயில் எதுவென்றாலும் அப்பா காரில் ஏறி ஹோர்ன் அடிப்பார். அம்மா குசினியிலிருந்து "இன்னும் நேரம் கிடக்கு" என்பார். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் பூசை முடிகிற நேரம் நாங்கள் ஓடிவருவதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள்.

எண்பதுகளில் தாய்நாட்டுப் போரில் எல்லாம் இழந்து வந்தவர்கள் பலருக்கு அந்தக் குசினி மேசைதான் முதல் பள்ளிக்கூடம். அப்பா சனிக்கிழமைகளில் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். இன்று பொறியியலாளராகவும் வைத்தியராகவும் இருக்கும் அந்தப் பிள்ளைகளில் பலர் இந்த மலரை வாசிப்பார்கள். சுவர் மணிக்கூட்டைக் காட்டி வகுப்பை அரை மணித்தியாலம் நீட்டிய வாத்தியாரை அவர்கள் மன்னித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கடைசி வருடத்தில் அப்பாவின் இதயம் களைத்துவிட்டது. ஆஸ்பத்திரி வேண்டாம், வீடு போதும் என்றார். ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, அம்மா பக்கத்தில் இருக்க, நித்திரையிலேயே போனார். ஒருவரையும் வருத்தப்படுத்தாமல் போனார்.

அன்று பின்னேரம் அவரைக் கொண்டுபோக வாகனம் வந்தது. ராகு காலம் முடியட்டும் என்று தம்பி மூன்று மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தான். வந்த இளைஞன் மரியாதையாக, போகலாமா என்று கேட்டான். அம்மா எழுந்து குசினிச் சுவரைப் பார்த்தார். இரண்டரை.

"இன்னும் ராகு காலம் முடியேல்லை" என்றார்.

"அம்மா, மூண்டு மணி தாண்டீட்டுது" என்றான் தம்பி.

"எங்கட மணிக்கூட்டில இல்லை." அம்மா அப்பாவின் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தார். "அண்டைக்கு இவர் எங்களை அரை மணித்தியாலம் முந்தி உள்ள கூட்டிக்கொண்டு வந்தவர். இண்டைக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போகட்டும்."

தம்பி இன்னொரு கதிரையை இழுத்துப்போட்டான். அம்மா அந்த இளைஞனைப் பார்த்து, ஷெர்லி அன்ரியிடம் படித்த ஆங்கிலத்தில், அவர் எல்லோரையும் செல்லமாகக் கூப்பிடும் அதே சொல்லோடு, "சிற் டவுண், லவ்" என்றார். அவன் சிரித்துவிட்டு இருந்தான். நான் தேத்தண்ணீர் போட்டேன். அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மண்கும்பி மலையையும் வெடித்த மின்அடுப்பையும் பற்றி எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார். அழுதுகொண்டிருந்த வீடு சிரித்தது. அப்பாவுக்கு அது பிடித்திருக்கும். சுவரில் மூன்று அடித்ததும் அம்மா தானாகவே எழுந்து வழிவிட்டார்.

அப்பாவை வீட்டில் வைத்துப் பார்க்க உதவிய வைத்தியருக்கும் தாதியருக்கும், சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், தேவாரம் பாடிய பிள்ளைகளுக்கும், தூர தேசங்களிலிருந்து அழைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தொண்ணூறு வயதைத் தாண்டியும் அந்தப் பாலைவன ஊரிலிருந்து ஒவ்வொரு நாளும் அம்மாவோடு தொலைபேசியில் பேசும் ஷெர்லி அன்ரிக்கு நன்றி சொல்ல எனக்குத் தமிழும் போதாது, ஆங்கிலமும் போதாது. அவசரப்படாமல் எங்கள் வீட்டில் இருந்து இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்த அந்த இளைஞனுக்கும் நன்றி. அவனுடைய பெயரைக் கேட்க மறந்துவிட்டோம்.

முந்திப்போலவே நீங்கள் எல்லோரும் வீட்டுக்கு வரவேண்டும். ரயில் நேரத்தை உங்கள் கைத்தொலைபேசியில் பாருங்கள். குசினி மணிக்கூட்டை நாங்கள் திருத்தப்போவதில்லை.